துபாயில் கிடைத்த பரிவட்டம்

எங்கள் வீட்டுக்காரரின் தலை சாதாரணத் தலை இல்லை. அந்த ஒரு தலையால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு வருடமாகத் தேர் ஓடவில்லை. அந்தத் தலையையும் கூட்டிக்கொண்டு நான் துபாய்க்குப் போய் வந்தேன். போனது மகனைப் பார்க்க. பார்த்துவிட்டு வந்தது ஒரு சீக்கியக் கோயிலை.

முதலில் தலை விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில், பதுளைக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்வெளியில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் ஒரு தலைப்பில் நாங்கள் இருக்கிறோம். மறு தலைப்பில் என் அண்ணன் மருதமுத்து இருக்கிறார். நடுவில் பத்து வீடு. என் வீட்டுக்காரர் ராமையா தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்த்து ஓய்வானவர், இப்போது கோயில் கமிட்டித் தலைவர். அண்ணன் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். ஆக ஒரே லயத்துக்கு இரண்டு தலைவர்கள். இரண்டு பேருக்கும் நடுவில் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நான். பிள்ளைகளைச் சமாளிப்பது இவர்களைச் சமாளிப்பதைவிடச் சுலபம், சத்தியமாகச் சொல்கிறேன்.

வைகாசி மாரியம்மன் திருவிழாவில் அம்மன் காலடியில் வைத்த பட்டுத் துணியைப் பூசாரி எடுத்து, ஊருக்குப் பெரிய மனிதர் யாரோ அவர் தலையில் கட்டுவார். அதுதான் பரிவட்டம். முதல் பரிவட்டம் எப்போதும் தோட்டத்தை நடத்துகிற துரைக்கு. புதிதாக வந்த துரை இளவயதுக்காரர், நல்ல மனிதர். "எனக்கு என்னத்துக்குங்க? உங்கள்ல ஒருத்தருக்குக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். தீயைப் பற்றவைத்துவிட்டுப் போகிறோம் என்று அந்தப் பாவத்துக்குத் தெரியாது.

"கோயிலக் கட்டிக் காக்கிறவன் நானு. எனக்குத்தான்" என்றார் வீட்டுக்காரர்.

"தோட்டத்து சனத்துக்கே தலைவன் நானு. எனக்கில்லாம யாருக்கு?" என்றார் அண்ணன்.

பூசாரி பட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தலையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அதைத் தன் மடியிலேயே செருகிக்கொண்டு, வயிறு சரியில்லை என்று வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு நின்ற தேர்தான். தகரக் கொட்டகைக்குள் கோழி முட்டையிடுகிறது அதில்.

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்துபோனது. லயத்துக்கு ஒரே பீலி, மலைத்தண்ணீர் கொட்டுகிற இடம். நானும் மதினியும் அங்கே குடத்தை வைத்துவிட்டு, குடம் நிறையும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். திருவிழாவுக்குத் திருவிழா அண்ணன் எனக்குத் தாய்வீட்டுச் சேலை என்று ஒன்று எடுத்துத் தருவார். அதுவும் நின்றது. சேலைக்காக நான் அழவில்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குத் தாய்வீடு என்று இருந்தது அந்த மறு தலைப்பு வீடுதான். பத்து வீடு தள்ளி இருந்துகொண்டே தாய்வீடு இல்லாமல் போனால் வயிறு எரியுமா எரியாதா? எனக்கு எரிந்தது.

இந்த நேரத்தில்தான் துபாயில் ஹோட்டல் சமையல்கட்டில் வேலை செய்யும் எங்கள் மகன் தினேஷ், வருசப்பிறப்புக்கு இங்கே வாருங்கள் என்று கூப்பிட்டான். நான் உடனே சரி என்றேன். வீட்டுக்காரர், "நான் இல்லாத நேரம் பாத்து ஒங்கண்ணன் பரிவட்டத்தக் கட்டிக்கிட்டா?" என்று ஒரு வாரம் யோசித்தார். திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார்.

முதல் நாள் விமான நிலையத்துக்குள் ஒரே குளிர். வீட்டுக்காரர் அப்புத்தளைக் குளிருக்குப் போடுகிற கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் கம்பீரமாக நடந்தார். வெளிக்கதவு திறந்தது. அடுப்புக்குள் தலையை விட்டது போல் ஒரு வெக்கை. அவருடைய மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது.

"பாக்கியம், இங்கயும் நம்ம ஊரு மாதிரி பனி மூட்டம் எறங்குதுடி" என்றார் சந்தோசமாக.

கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். எதிரே பாலைவனத்து வெயில் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. கம்பளிச் சட்டை அன்றைக்குக் கழன்றதுதான், திரும்பி வரும்வரை அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

அன்று மாலை தேநீர்க் கடைக்குப் போனோம். கடைக்காரர் கேரளத்துக்காரர். ஏலக்காய், இஞ்சி, டின்பால் எல்லாம் போட்டு, மண் நிறத்தில் ஒரு தேநீரைத் தந்தார். ஒரு மிடறு குடித்த வீட்டுக்காரர் முப்பது வருட ஃபெக்டரி அனுபவத்தோடு முகத்தைச் சுளித்தார். "எந்தத் தோட்டத்துத் தூளுங்க இது?" என்று விசாரணை ஆரம்பமாகிவிட்டது. கடைக்காரர் பெட்டியையே தூக்கிக் காட்டினார். இவர் தூளை உள்ளங்கையில் கொட்டி, ஊதி, நாக்கால் தொட்டுப் பார்த்து, "தரையில கூட்டி அள்ளுனது" என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு அதே தேநீரை இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். எங்கள் ஊரில் நல்ல தூளெல்லாம் கப்பல் ஏறிவிடும், நாங்கள் குடிப்பதும் கூட்டி அள்ளினதுதான் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

இரண்டாம் நாள் மெட்ரோ ரயில். பதுளை ரயிலைப் போல இல்லை, கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கிறது, ஏறுவதற்குள் போய்விடுகிறது. நான் பெண்களுக்கான பெட்டியில் ஏறினேன். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இவரும் ஏறிவிட்டார். பெட்டி முழுக்கப் பெண்கள். ஒரு பிலிப்பைன்ஸ் பெண் தரையில் பெண்கள் பக்கத்தைப் பிரித்துப் போட்டிருந்த இளஞ்சிவப்புக் கோட்டைக் காட்டினாள். இவர் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். அடுத்த ஸ்டேஷனில் சீருடைக்காரர் ஏறி இவரை இறக்கினார். மறு பெட்டியிலிருந்து தினேஷ் ஓடிவந்து அரபி, ஆங்கிலம், ஹிந்தி மூன்றிலும் மன்னிப்புக் கேட்டான்.

"எம் பொஞ்சாதி கூடத்தானே வந்தேன், அடுத்தவன் பொஞ்சாதி கூடவா வந்தேன்?" என்று இவர் தமிழில் நியாயம் கேட்டார். நல்லவேளை, அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் நாள் சித்திரை வருசப்பிறப்பு. காலையில் எழுந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரில் என்றால் பலகாரத் தட்டு லயம் முழுக்கப் போய் வரும். இரண்டு வருடமாக மறு தலைப்புக்கு மட்டும் தட்டு போகாது. இங்கே ஒரு தட்டுக்கும் வேலை இல்லை. என் முகத்தைப் பார்த்த தினேஷ், "எங்க ஹோட்டல் வேன் ட்ரைவர் குர்மீத், பஞ்சாப்காரரும்மா. அவங்களுக்கும் இன்னிக்கு வைசாகின்னு பெரிய பண்டிகை. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேங்குறாரு, வாங்க" என்றான்.

குர்மீத் ஐயா ஆறடிக்குமேல் உயரம். நீலத் தலைப்பாகை, தாடி, சிரிப்பு. தினேஷ் அவரோடு ஹிந்தியில் பேசி எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். வைசாகி அவர்களுக்குக் கோதுமை அறுவடைக் காலம். "உங்களுக்கு எப்போ அறுவடை?" என்று கேட்டார். "நமக்குக் கொழுந்து தெனமும் அறுவடைதான்னு சொல்லுடா, அதனாலதான் ஒரு நாளும் பண்டிகை இல்ல" என்றேன். வேன் ஒரு ஆட்டம் ஆடியது, அவ்வளவு சிரிப்பு அவருக்கு.

வழியிலேயே விதிகளையும் சொன்னார். காலில் உள்ள சப்பாத்தைக் கழற்ற வேண்டும். கை, கால் கழுவ வேண்டும். பீடி, புகையிலை உள்ளே ஆகாது. எல்லாவற்றுக்கும் மேல், தலை மூடியிருக்க வேண்டும். நான் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன், என் வேலை முடிந்தது. வீட்டுக்காரர் வேட்டி சட்டையில் வெறும் தலையோடு இருந்தார். வாசலில் ஒரு கூடை நிறையக் காவி நிறத் துணிகள், மடித்து வைத்திருந்தார்கள். குர்மீத் ஐயா ஒன்றை எடுத்து இவர் தலையில் சுற்றிக் கட்டிவிட்டார். தினேஷுக்கும் ஒன்று.

நான்கு அடி நடந்தோம். பெரிய மண்டபம், வெள்ளை விரிப்பு, நடுவில் விதானத்துக்குக் கீழே பட்டுப் போர்த்திய அவர்களுடைய வேதப் புத்தகம். பின்னால் ஒருவர் சாமரம் வீசுகிறார். சந்நிதி என்று தெரிந்ததும் வீட்டுக்காரரின் இரண்டு கையும் தானாக மேலே போயின. தலைத்துணியை உருவி இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் தலையில் துண்டோடு கோயிலுக்குள் போனால் அது மரியாதைக் கேடு. சாமி முன்னால் மட்டுமா? வேலைக்குப் பேர் கொடுக்கிற காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும்போது துரை வருகிறார் என்றால் போதும், அத்தனை தலையிலிருந்தும் துண்டு இறங்கி இடுப்புக்கு வரும். கணக்கப்பிள்ளைக்கும் இறங்கும். பழகிப்போன கை அது, துபாய்க்கு வந்தால் மட்டும் மறந்துவிடுமா?

வெள்ளைத் தாடி வைத்த தொண்டர் ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். இடுப்பிலிருந்த துணியை அவிழ்த்து, சிரித்தபடி திரும்பவும் இவர் தலையில் கட்டினார். இவர் நன்றிக்கு ஒரு கும்பிடு போட்டார். புத்தகத்துக்கு முன்னால் மண்டியிடும்போது பக்தி கூடிவிட்டது. மறுபடியும் துணி இடுப்புக்குப் போனது.

மூன்றாவது தடவை அந்தத் தொண்டர் சும்மா விடவில்லை. இழுத்து, முறுக்கி, பின்னால் இரண்டு முடிச்சுப் போட்டு, தோளில் தட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா பாக்கியம். கடல் தாண்டி வந்த எடத்துல, நான் யாரு என்னன்னு சொல்லாமலே தெரிஞ்சுக்கிட்டு, மூணு தடவ பரிவட்டம் கட்டுறாங்க. ஒங்கண்ணனுக்குப் போன் போடு."

நான் தினேஷைப் பார்த்தேன். "என்னடா சொன்னாரு அவரு?"

அவன் வாயை மூடிக்கொண்டு என் காதில் சொன்னான்: "பெரியவரே, இன்னொரு தடவை அவிழ்த்தீங்கன்னா ஆணி அடிச்சிருவேன்னாரும்மா."

அப்போதுதான் வீட்டுக்காரர் மெதுவாகச் சுற்றுமுற்றும் பார்க்க ஆரம்பித்தார். முன்னால் உட்கார்ந்திருந்தவர் தலையில் துணி. பக்கத்தில் துணி. விரிப்பைக் கூட்டிக்கொண்டிருந்தவர் தலையில் அதே காவித் துணி. மேஸ்திரி வேலைக்கு வந்த நேபாளத்துக்காரர் தலையிலும் அதுதான். கடைசியாகத் திரும்பித் தினேஷைப் பார்த்தார்.

"ஒனக்குமாடா?"

"எல்லாருக்கும்ப்பா. இங்க அதுதான் மொற."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, முந்தானையைக் கடித்துக்கொண்டேன். அவர் சாமி கும்பிடுவது போல் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தப் புத்தகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் ஊரில் சரசுவதி பூசைக்குப் புத்தகத்தை மூடி வைத்துப் பொட்டு வைப்போம், பிள்ளைகள் அன்றைக்குத் தொடக்கூடாது என்பதே அவர்களுக்குப் பண்டிகை. இங்கே திறந்து வைத்து, பாடிக்கொண்டே கும்பிடுகிறார்கள். சிலை ஒன்றும் இல்லை. தேங்காய் உடைக்க ஓரிடம் தேடினேன், அதுவும் இல்லை. வெளியே வரும்போது நெய் சொட்டச் சொட்டக் கோதுமை அல்வா தந்தார்கள். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்க வேண்டும். எங்கள் ஊர்ப் பிரசாதம் நெற்றிக்குப் போகும், இது நேரே வயிற்றுக்குப் போனது.

பிறகு சாப்பாடு. யார் போனாலும் சாப்பாடு, என்ன மதம் என்று கேட்பதில்லை. தரையில் வரிசையாக உட்கார வைத்தார்கள். வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் சீமெந்துக் கறையோடு ஒரு கூலித் தொழிலாளி, இன்னொரு பக்கம் தங்கக் கைக்கடிகாரம் கட்டிய ஒரு பெரிய முதலாளி. ரொட்டி, பருப்பு, கிழங்குக் கறி, பாற்சோறு போல ஒன்று. ரொட்டியைத் தூக்கிப் போடமாட்டார்கள், இரு கையையும் நீட்டி வாங்கவேண்டும். எங்கள் தோட்டத்துத் தேங்காய் ரொட்டிக்கு முன்னால் அது வெற்றிலை மாதிரி மெல்லிசு.

தட்டில் மிச்சம் வைக்கக்கூடாது என்பது எங்கள் வளர்ப்பு. இவர் துடைத்துச் சாப்பிட்டார். தட்டு காலியானதும் ஒருவர் வந்து போட்டார். அதையும் முடித்தார். மறுபடி போட்டார்கள். ஏழாவது ரொட்டியில் என்னைப் பார்த்துப் பரிதாபமாகக் கேட்டார்: "எலையா இருந்தா மடிச்சு வச்சுட்டு எந்திரிச்சுருவேன். தட்ட எப்படி மடிக்கிறது?"

கையால் மூடுங்கள் என்றேன். மூடினார். மூச்சு வந்த பிறகு குர்மீத் ஐயாவிடம் தினேஷ் மூலமாக ஒரு கேள்வி போட்டார். "இங்க மொதப் பந்தி யாருக்கு?"

"முதலில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு" என்று பதில் வந்தது.

"அது சரி. பெரிய மனுசன் பிந்தி வந்தா?"

"பிந்திச் சாப்பிடுவார்."

அந்தத் தங்கக் கடிகாரக்காரர் இதற்குள் எழுந்து, கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எச்சில் தட்டுக் கழுவுகிற இடத்தில் போய் நின்றார். வீட்டுக்காரர் வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறைக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது, இவர் தலைத்துணியைக் கூடையில் போடாமல் அப்படியே வந்துவிட்டார். தொண்டர் போட்ட முடிச்சுக்குப் பயந்து தொடவே இல்லையாம். இவருக்கு வேர்த்துவிட்டது. கோயில் சொத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது எங்கள் பயம், அது எந்தச் சாமியாக இருந்தால் என்ன? மறுநாள் காலையிலேயே திரும்பவும் போனோம்.

துணியைக் கொடுத்ததும் வாசலில் இருந்தவர் வாங்கி, கழுவப் போடும் பெட்டியில் போட்டுவிட்டு, சுத்தமான இன்னொன்றை எடுத்து இவர் தலையிலேயே கட்டிவிட்டார். இந்தத் தடவை இவர் அதைத் தொடவில்லை.

சமையல்கட்டில் பெண்கள் ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். ஹர்ஜித் கவுர் என்ற அம்மா, என் வயதுதான் இருக்கும், மாவு உருண்டையைத் தந்தார். நான் தேய்த்தது எங்கள் ஊர்க் கனத்தில் வந்தது. அதைத் தூக்கி எல்லாப் பெண்களுக்கும் காட்டி, "இதை வைத்து வீடு கட்டலாம்" என்று சிரித்தார். தினேஷ் சொல்லச் சொல்ல நானும் சிரித்தேன்.

வைசாகியின் கதையை அவர்தான் சொன்னார். அவர்களுடைய பத்தாவது குரு, ஒரு வைசாகி நாளில் கூட்டத்துக்கு நடுவே வாளோடு நின்று, "எனக்கு ஒரு தலை வேண்டும், யார் தருவீர்கள்?" என்று கேட்டாராம். கூட்டம் நடுங்கிப்போனது. ஒருவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். இப்படி ஐந்து பேர், வேறு வேறு ஊர், வேறு வேறு சாதி. அவர்களைக் கூடாரத்துக்குள் கூட்டிப் போய், உயிரோடு, புதுத் துணி உடுத்தித் திரும்பக் கூட்டி வந்தார். அவர்களுக்குப் புனித நீர் கொடுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு குருவே அந்த ஐந்து பேர் முன்னால் மண்டியிட்டு, இப்போது நீங்கள் எனக்குக் கொடுங்கள் என்று அவர்கள் கையால் வாங்கிக்கொண்டாராம்.

எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. அங்கே தலையைக் கொடுக்க ஆள் வந்தது. எங்கள் தோட்டத்தில் தலைக்குத் துணி கேட்டுச் சண்டை. எங்கள் கதையையும் ஒளிக்காமல் சொன்னேன். தேரில் கோழி முட்டையிடுவதுவரை சொன்னேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்து, மாவுக் கையாலேயே துடைத்துக்கொண்டார்.

"முதல் மரியாதை யாருக்கு என்று எங்களிடமும் கேட்டால், புத்தகத்துக்கு என்று சொல்வோம்" என்றார். "மற்றவர்களுக்குக் கூடையில் துணி இருக்கிறது."

கூடையில் துணி இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே எட்டிப் பார்த்தால் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தங்கக் கடிகார முதலாளிக்குப் பக்கத்தில் தட்டுக் கழுவுகிறார். "இப்படி வச்சா தண்ணி வடியும் மொதலாளி" என்று தமிழில் வேறு அவருக்குப் பாடம்.

திருந்திவிட்டார் என்று நினைத்தேன். விமானத்தில் மெதுவாக, "நம்ம கோயில்லயும்..." என்று ஆரம்பித்தேன். "அது அவங்க வழக்கம். நம்ம வழக்கம் வேற" என்று கண்ணை மூடிக்கொண்டார். சரிதான், இனி நாம் பார்த்துக்கொள்ளவேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

ஊருக்கு வந்த வாரமே பதுளைக்கு இறங்கினேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் துணிக்கடையில், கடைக்கார முஸ்லிம் நானாவிடம் மஞ்சள் துணி ஒரு முழுச் சுருள் கேட்டேன்.

"என்ன தங்கச்சி, தோட்டத்துல எல்லாருக்கும் ஒரே நாள்ல கல்யாணமா?" என்றார்.

"அப்புடித்தான் வச்சுக்கங்க நானா. சாயம் போகாததா குடுங்க, மழைக்கு நனையும்."

சுருளைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸில் நின்றே வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அது யாராவது ஒருவர் மண்டையில் இடித்தது. இப்போதே தலைக்குத் தலை போகிறதே என்று எனக்கு ஒரு திருப்தி.

துணியைக் கிழித்துவிடலாம், ஓரம் அடிக்க மெசின் வேண்டும். லயத்தில் ஒரே ஒரு தையல் மெசின். அது இருப்பது அண்ணன் வீட்டில். மறுநாள் பீலியில் மதினி குடத்தை வைத்துவிட்டு வழக்கம்போல் வானத்தைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்க்கவில்லை.

"மதினி, ஒங்க மெசின் ஓடுதா?"

மதினி அதிர்ந்துபோய்த் திரும்பினார். "ரெண்டு வருசமா பேசாதவ, பேசுன மொத வார்த்த மெசினா? நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்த கேக்கத் தோணலையா?"

"நல்லாருக்கீங்களா மதினி?"

"நல்லா இல்ல" என்றார். குடம் நிறைந்து வழிந்தது, இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. அழுது முடித்த பிறகு துபாய்க் கதை முழுவதையும் சொன்னேன். ஆணி அடிக்கிற இடத்தில் மதினி பீலிக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஆண்கள் வெளியே போகும் பகல் நேரமெல்லாம் அந்த மெசின் ஓடியது. நடுவில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பொய்யும் தைத்தோம். நான் வீட்டுக்காரரிடம், "அண்ணன் விட்டுக்குடுத்துட்டாராம், மொதப் பரிவட்டம் ஒங்களுக்கேயாம். பெரிசா வெளிய பேசிக்காதீங்க, அவரு மனசு நோகும்" என்றேன். மதினி அண்ணனிடம் இதையே திருப்பிப் போட்டுச் சொன்னார். இரண்டு பேரும் பெருந்தன்மையோடு திருவிழாவுக்குச் சம்மதம் தந்தார்கள். தேரிலிருந்து கோழியை இறக்கினார்கள். பூசாரியிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவைத்தோம். மனிதர் மடியில் இருந்த பாரம் இறங்கியது போல் பெருமூச்சு விட்டார்.

திருவிழா அன்று காலையிலேயே நானும் மதினியும் கோயில் வாசலில் இரண்டு கூடையோடு உட்கார்ந்துவிட்டோம். பூசாரி அத்தனை துணியையும் அம்மன் காலடியில் வைத்து எடுத்துத் தந்துவிட்டார். வருகிற ஒவ்வொரு தலைக்கும் ஒன்று. தப்பு மேளம் அடிக்கிற செல்லையா அண்ணன் வழக்கம்போல வாசலுக்கு வெளியிலேயே நின்றார். கூப்பிட்டு, குனிய வைத்துக் கட்டினேன். "எனக்கா தாயி?" என்று கேட்டவர், கொஞ்ச நேரத்துக்குத் தப்பைத் தொடவே இல்லை, துணியைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு அடித்தார் பாருங்கள் ஓர் அடி, மலை எதிரொலித்தது. கொழுந்தெடுக்கிற பெண்கள் வந்தார்கள். "பொம்பளைக்கும் பரிவட்டமா?" என்று வெட்கப்பட்டார்கள், ஆனால் வரிசையை விட்டு ஒருத்தியும் போகவில்லை. துரை வந்தார். அவர் தலையிலும் கட்டினேன். "இது நல்லாருக்கே" என்று ஹெல்மெட்டைக் கழற்றிய தலையோடு சிரித்தார்.

கடைசியாக, பெரிய மனிதர்கள் பிந்தித்தானே வருவார்கள், லயத்தின் ஒரு பக்கத்திலிருந்து வீட்டுக்காரரும் மறு பக்கத்திலிருந்து அண்ணனும் பட்டு வேட்டியோடு வந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் விட்டுக்கொடுத்தவனை மன்னித்த பெருமை. வாசலில் வந்து நின்றார்கள். கோயில் முழுக்க மஞ்சள் தலை. வெறும் தலை இரண்டே இரண்டு.

தப்பு நின்றது. இது கெட்டுப்போனால் இந்த ஜென்மத்தில் எனக்குத் தாய்வீடு கிடையாது என்று தெரியும். கூடையில் மிச்சமிருந்த இரண்டு துணியையும் தூக்கிப் பிடித்தேன்.

"நான் கட்ட மாட்டேன். பூசாரியும் கட்ட மாட்டாரு. ஒருத்தருக்கொருத்தர் கட்டிக்கங்க. யாரு மொதல்ல குனியிறாங்களோ அவங்களுக்குத்தான் மொதப் பரிவட்டம்."

அண்ணன் என்னை முறைத்தார், பிறகு மதினியை முறைத்தார். வீட்டில் கிடந்த மஞ்சள் நூல் எதற்கு என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்காரர் கூட்டத்து மஞ்சள் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாம் நாள் அந்த மண்டபத்தில் பார்த்தாரே, அதே பார்வை. பிறகு என்ன நினைத்தாரோ, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அண்ணன் முன்னால் மண்டியிட்டார்.

"கட்டுங்க மச்சான்" என்றார். "அவுக்க மாட்டேன்."

அண்ணன் துணியை வாங்கினார். முடிச்சு இரண்டு தடவை நழுவி மூன்றாவது தடவைதான் விழுந்தது. கட்டி முடித்ததும் அவரும் அப்படியே எதிரில் மண்டியிட்டு, "எனக்கும் போடு மாப்ள" என்றார். செல்லையா அண்ணன் யாரும் சொல்லாமலே தப்பை எடுத்தார், தேர் வடத்தைப் பிடிக்க ஆட்கள் ஓடினார்கள்.

நான் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"எல்லாருக்கும் கட்டுன. ஒந்தல சும்மா இருக்கு?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எண்ணித் தைத்ததில் என் தலையை விட்டுவிட்டோம். "இல்லண்ணே, தீந்துபோச்சு" என்றேன்.

அவர் திரும்பி லயத்துப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். கோபித்துக்கொண்டாரோ என்று பயந்துபோனேன். திரும்பி வந்தபோது கையில் இரண்டு சேலை இருந்தது. ஒன்று பச்சை, ஒன்று அரக்கு, இரண்டிலும் கடைக் காகிதம் இன்னும் ஒட்டியிருந்தது.

"போன வருசத்தது ஒண்ணு. அதுக்கு மொத வருசத்தது ஒண்ணு" என்றார். "பொட்டியிலயே கெடந்துச்சு தங்கச்சி. குடுக்கத்தான் வழியில்லாமப் போச்சு."

இரண்டையும் விரித்து என் தலையிலேயே போட்டார். நான் ஓவென்று அழுதேன். ஊரே பார்த்தது, பார்க்கட்டும். மதினியைத் திரும்பிப் பார்த்தேன். அத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவர், இந்தச் சேலைகளைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

தேரை இழுத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் வடத்தை விட்டுவிட்டு வந்து, என் தலையையும் தன் தலையையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணு. இவளுக்கு மட்டும் எப்படி ரெண்டு?" என்றார்.